தேறல்: சுவைத்தறிதலின் ஒரு சிறு வரலாறு

சங்க இலக்கிய வகுப்பில் 'தேறல்' என்ற சொல் வரும்போதெல்லாம் நான் செய்துவந்த ஒரு காரியத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'தேறல் என்பது கள்ளின் தெளிவு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குத் தாவிவிடுவேன். இருபதாண்டுகளாக அப்படித்தான். என் மாணவர்கள் அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், பூவிருந்தவல்லிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களில் பாதிப் பேருடைய வீட்டில் குடி என்பது இலக்கியச் செய்தி அன்று. முந்தைய இரவின் செய்தி. அதியமானின் கள்ளைப் பற்றி நான் மெய்ம்மறந்து பேசினால், பின்வரிசையில் ஒரு முகம் சட்டென்று தாழும். அந்த முகத்தைப் பார்க்க அஞ்சியே அடியைத் தாண்டினேன்.

எனக்கும் அந்தக் கணக்கு உண்டு. என் பெரியப்பா அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். அவர் குடிப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி, ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வார். பின்பு ஊறுகாயை நாக்கில் தடவி அந்தச் சுவையை அழிப்பார். ஐம்பத்திரண்டு வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார். வாழ்நாள் முழுவதும் குடித்த மனிதர் தாம் குடித்ததன் சுவையை ஒருநாளும் அறிந்ததில்லை என்பது வெகு காலம் கழித்தே எனக்கு உறைத்தது.

இவற்றையெல்லாம் மீண்டும் நினைக்க வைத்தவர் என் பழைய மாணவர் ஒருவர். தமிழ் இளங்கலை முடித்துவிட்டு எப்படியோ பெங்களூரில் ஒரு சிறு பீர் வடிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஒரு கருத்தரங்குக்காக அங்கே போனபோது வந்து சந்தித்தார். 'ஐயா, ஓர் உதவி வேண்டும். மரப்பீப்பாயில் ஓராண்டு வைத்த ஸ்டவுட் இது. பட்டையும் ஏலமும் மிளகும் சேர்த்திருக்கிறோம். இதைச் சுவைத்து மதிப்பெண் போட ஒரு படிவம் இருக்கிறது. அதில் உள்ளவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது?' என்றார். நான் திகைத்தேன். 'இதற்கெல்லாம் தமிழில் எங்கே தம்பி சொல் இருக்கிறது?' என்று வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன். இருந்தது. நான்தான் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

*

ஸ்டவுட் என்றால் என்ன என்று சொல்லிவிட்டு மேலே செல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுமைதூக்கும் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்த கருநிறப் பீருக்கு அவர்களின் பெயராலேயே 'போர்ட்டர்' என்ற பெயர் நிலைத்தது. அதில் வலுக்கூடியது 'ஸ்டவுட் போர்ட்டர்', நாளடைவில் ஸ்டவுட். முளைகட்டிய வாற்கோதுமையைக் காப்பிக்கொட்டைபோல் கறுக்க வறுப்பதற்கான உருளையை 1817இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்று அறிமுகப்படுத்தினார். ஸ்டவுட்டின் இன்றைய கருமையும் காப்பி, கோகோ மணமும் அந்த வறுப்பின் கொடை.

போர்ட்டரைப் பெரும் மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் வைத்து முதிர்விப்பது லண்டன் வழக்கம். தொட்டிகள் எவ்வளவு பெரியவை என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 1814 அக்டோபர் 17ஆம் நாள் மியூ நிறுவனத்தின் தொட்டி ஒன்று வெடித்துப் பெருகிய போர்ட்டர் வெள்ளத்தில், பக்கத்துக் குடிசைகளில் இருந்த பெண்களும் குழந்தைகளுமாக எட்டுப் பேர் மாண்டனர். அப்படி முதிர்ந்த பீருக்கு ஒரு தனி மணம் இருந்தது. அதைத் தருவது மரத்தில் குடியிருக்கும் ஒருவகை ஈஸ்ட் என்று 1904இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசன் கண்டறிந்தார். 'பிரிட்டானியப் பூஞ்சை' என்று பொருள்படும் பிரெட்டனோமைசிஸ் என்ற பெயரையும் அதற்கு வைத்தார்.

மதுவின் வாசம் ஊறிய பீப்பாயில் ஸ்டவுட்டை வேண்டுமென்றே வைத்து எடுக்கும் இன்றைய வழக்கம் மிக அண்மையது. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் வடிப்பகம் 1990களில் இதைப் பரவலாக்கியது. இதன் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவின் பர்பன் விஸ்கியை உள்ளே கருக்கிய புதிய ஓக் மரக்கலத்திலேயே வைக்கவேண்டும் என்பது விதி. ஆகவே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் விஸ்கிக்காரருக்குப் பயனற்றது, பீர்க்காரருக்கோ புதையல். வெனிலா, தேங்காய், கரி ஆகியவற்றின் மணங்களை அந்த மரம் பீருக்குக் கொடுக்கிறது. மரத்தினூடே மெல்லப் புகும் காற்றும் தன் பங்குக்குச் சுவையை மாற்றுகிறது.

மாணவர் காட்டிய படிவம் அமெரிக்கப் பீர் நடுவர்களின் அமைப்பொன்று வகுத்தது. மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தங்கும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. மரத்தில் முதிர்ந்தவற்றுக்கும் மணப்பொருள் சேர்த்தவற்றுக்கும் தனித்தனி வகைப்பாடுகள் உண்டு. இரண்டிலும் கேட்கப்படும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: சேர்த்த பொருள் பீரோடு இயைந்திருக்கிறதா, அல்லது அதை அமுக்கிவிட்டதா? பட்டை தெரியவேண்டும்; ஆனால் பட்டைக் கஷாயம் ஆகிவிடக்கூடாது. மரம் தெரியவேண்டும், மரத்தூளைச் சப்பியதுபோல் ஆகிவிடக்கூடாது. கவிதையில் அணி பற்றி நாம் சொல்வதும் இதுவேதான் என்று அப்போது தோன்றியது.

*

இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் வருவோம். பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே போகும் சாலை காஞ்சிபுரத்துக்குப் போகிறது. அந்தக் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அந்த நாட்டு வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் விருந்தைச் சொல்லும் இடத்தில், உருத்திரங்கண்ணனார் ஏறக்குறைய ஒரு செய்முறைக் குறிப்பையே எழுதிவைத்திருக்கிறார். குற்றாத கொழியல் அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்கவேண்டும். அதை வாய் அகன்ற தட்டில் ஊற்றி ஆறவிடவேண்டும். புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய நல்ல 'அடை'யை அதில் கலக்கவேண்டும். இதை நெல்முளை என்று கொள்வது உரைமரபு. பின்பு இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவேண்டும். வலிய வாயையுடைய சாடியில் பச்சை வாடை அறும்படி விளையவேண்டும். கடைசியாக விரலால் அலைத்துப் பிழிந்து அரிக்கவேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

முளைத்த தானியம், களி, நொதித்தல், காத்திருத்தல், வடித்தல். இதைப் பீர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? நாம் கள் என்றதும் பனையையும் தென்னையையுமே நினைக்கிறோம். சங்கப் பாடல்களில் அரிசியில் வடித்தது ஒரு பெருங்கிளையாகவே இருக்கிறது. வீட்டில் வடித்த அரிசிக் கள்ளுக்குத் 'தோப்பி' என்று தனிப்பெயரே இருந்தது.

அந்தப் பகுதியில் வரும் 'வழைச்சு' என்ற ஒரு சொல்லை நான் இருபதாண்டுகளும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். வழைச்சு என்பது இளங்கள்ளின் பச்சைத் தன்மை, முற்றாத வாடை. அது நீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தக் கால மதிப்பீடு. மாணவரின் படிவத்திலும் ஒரு குறைப்பட்டியல் இருக்கிறது. அதில் பச்சை ஆப்பிள் மணம் என்று ஒன்று. பீர் முழுதாக முதிரவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் அறிகுறியாம். 'வழைச்சு என்று எழுதிக்கொள், தம்பி' என்றேன். 'ஐயா, இது நமக்கு வகுப்பிலேயே இருந்ததா?' என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

முதிர்வித்தலுக்கு வருவோம். கபிலர் பாரியின் பறம்பைப் பாடும் புறநானூற்று 120ஆம் பாடலில், மண்ணில் புதைத்து முதிர்ந்த தேறல் குடிசைதோறும் வழங்கப்படுகிறது. மலைபடுகடாத்தில், மூங்கிற்குழாயில் ஊற்றி விளைவித்த தேன்கள்ளின் தேறலை மலைநாட்டு மக்கள் விருந்தினருக்கு அளிக்கிறார்கள். அகநானூற்று 348ஆம் பாடல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அங்கே மாங்கனியும் பலாவின் விளைவும் தேனும் சேர்ந்து மூங்கிலுக்குள் முதிர்கின்றன. முதலில் மலைக்கடவுளுக்குப் படைத்த பிறகே மலைவாழ் மக்கள் பருகுகிறார்கள். பழமும் தேனும் சேர்த்து மரக்கலத்தில் முதிர்வித்தது என்று இதைப் படிவத்தில் எழுதினால் நடுவர் எவரும் வியக்கமாட்டார்.

மூங்கில் நமக்கு இயற்கை தந்த பீப்பாய். பீப்பாய் என்ற சொல்லோ போர்த்துக்கீசியரின் 'பிப்பா'விலிருந்து வந்தது. பொருளும் சொல்லும் ஒரே கப்பலில் வந்திறங்கின. அதற்கு முன்பே வந்த வேறொரு கலமும் உண்டு. நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் புறநானூற்று 56ஆம் பாடலில், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறல் பேசப்படுகிறது. அந்த வகைச் சாடிகளின் உடைசல்களை 1945இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தெடுத்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே வசவசமுத்திரத்திலும் அவை கிடைத்தன. மதுச் சாடிகளின் உட்புறத்தில் மரப்பிசின் பூசுவது மத்தியதரைக்கடல் வழக்கம். ஆகவே பாண்டியன் பருகியதில் திராட்சையோடு பிசின் மணமும் கமழ்ந்திருக்கக் கூடும். கலம் தன் குணத்தை மதுவுக்குத் தருவது அன்றைய நுகர்வோருக்குப் புதிய செய்தியாக இருந்திராது.

மணப்பொருள் சேர்ப்பதும் அப்படித்தான். பூமணம் கமழும் தேறலைப் பொருநராற்றுப்படை காட்டுகிறது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் மதுத்துறை அதிகாரிக்கென்று ஓர் இயலையே ஒதுக்கி, மைரேயம் என்ற வகைக்கு வெல்லமும் திப்பிலியும் மிளகும் சேர்க்கச் சொல்கிறது. இந்த மரபு அறுந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். மருந்துக்கடையில் அது இன்றும் கிடைக்கிறது. தசமூலாரிஷ்டம் என்ன? வெல்லமும் மூலிகையும் தாதகிப் பூவும் மணப்பொருள்களும் சேர்த்து, கலத்தை மூடி, நாட்கணக்கில் நொதிக்கவைத்து வடித்தது. அதில் உள்ள மது தானே விளைந்தது. பிள்ளை பெற்றவளுக்கு நம் பாட்டிமார் வேளை தவறாமல் மூடியில் அளந்து கொடுத்தது அதைத்தான்.

இனி, சுவையைச் சொல்லும் சொற்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் 392ஆம் புறப்பாட்டில், நாள்பட்ட தேறலின் கடுப்பு தேள் கொட்டுவதற்கு ஒப்பிடப்படுகிறது. சிறுபாணாற்றுப்படையில் அது சீறும் பாம்பின் வெகுளி. இவற்றை வெறும் போதையின் மிகையாக நான் படித்துவந்தேன். இப்போது வேறாகப் படிக்கிறேன். தேளின் கடுப்பு ஒரு புள்ளியில் தொடங்கி மெல்லப் பரவி நெடுநேரம் நிற்பது. பாம்பின் சீற்றம் சட்டென்று எழுவது. இருவேறு மதுக்களின் இருவேறு பின்சுவைகளை இரண்டு புலவர்கள் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிழியப்பட்டது பிழி, அரிக்கப்பட்டது அரியல், மணப்பது நறவு, தெளிந்தது தேறல். பெயர்களிலேயே செய்முறையும் மதிப்பீடும் இருக்கின்றன. தேறல் என்ற சொல்லின் வேர்தான் எவ்வளவு அழகானது! நோயாளி உடல் தேறுவதும், மாணவன் தேர்வில் தேறுவதும், கலங்கியது தெளிவதும் ஒரே 'தேறு'.

*

இந்த மொழி எங்கே போயிற்று?

வள்ளுவர்மேல் பழிபோட முடியாது. 93ஆம் அதிகாரத்தில் கள்ளுண்ணாமையை வலியுறுத்திய அவரே காமத்துப்பாலில் காதலின் களிப்புக்குக் கள்ளை உவமையாக்குகிறார். கண்டிப்பவருக்கும் அதன் இயல்பு தெரிந்திருந்தது. மொழி வற்றியது வேறு காரணங்களால்.

பூவிருந்தவல்லி ஒருகாலத்தில் ஆங்கிலேயப் படையினரின் பாசறையாக இருந்தது. கும்பினிப் படையினருக்காகக் கப்பல்களில் பீப்பாய் பீப்பாயாகப் போர்ட்டர் இந்தியாவுக்கு வந்தது. பின்பு இங்கேயே வடிக்கத் தொடங்கினார்கள். நீலகிரியில் காசில் வடிப்பகம் 1857இல் தோன்றியது. அதுவும் சென்னை, பெங்களூர் வட்டாரத்தின் வேறு சில வடிப்பகங்களும் சேர்ந்து 1915இல் தாமஸ் லீஷ்மன் கையில் யுனைடெட் புரூவரீஸ் ஆயின. பெரும் பீப்பாய்கள் மாட்டுவண்டிகளில் பாசறைகளுக்குப் போயின. அதே காலத்தில் 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் உள்ளூர் வடிப்பையும் விற்பனையையும் உரிமத்துக்கும் வரிக்கும் உட்படுத்தியது. வலைஞர் வீட்டுச் சாடி குற்றப்பொருள் ஆயிற்று. மது என்பது வீட்டிலிருந்து வெளியேறிக் கடைக்குப் போனது.

பிறகு நடந்தது நாம் அறிந்ததே. 1937இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, சில ஆண்டுகளில் மீண்டும் இறுகியது, 1980களில் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 1987 முதல் கள் இறக்கத் தடை. தேறலைப் பாடிய மொழி வழங்கும் மாநிலத்தில் பனையேறி கள் இறக்கினால் வழக்கு. ஆலைச் சாராயம் மட்டும் அரசுக் கடையில். திருத்தி, அடக்கி, திறந்து, மூடி நடந்த இந்த நூறாண்டில் மதுவைப் பற்றிப் பேச இரண்டு மொழிகளே நம்மிடம் எஞ்சின. ஒன்று மேடைக் கண்டனம். மற்றொன்று திரைப்படக் கேலி. நடுவே நாக்குக்கு வேலை இல்லை. எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பதே ஒரே அளவுகோல்.

இப்படித்தான் ஆகவேண்டும் என்று விதியில்லை. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ஸ்டவுட்டை இலங்கை தனதாக்கிக்கொண்டது. நுவரெலியாவின் குளிரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய வடிப்பகத்தின் வழிவந்த லயன் ஸ்டவுட்டில் மது 8.8 சதவீதம். மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் (பாடகர் அல்லர், 2007இல் மறைந்த பீர் எழுத்தாளர்) அதைத் தேடிச்சென்று சுவைத்து உலகறியச் செய்தார். இன்று நடுவர் கையேட்டில் 'வெப்பமண்டல ஸ்டவுட்' என்ற வகைக்குச் சான்றாக அதன் பெயர் இருக்கிறது. அத்தீவின் தென்னஞ்சாராயமோ ஹல்மில்லை மரத்தொட்டிகளில் முதிர்கிறது. ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்று அழைத்ததும், சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டதும் அதே மரம்தான்.

*

இத்தனையும் சொன்னபின் ஒன்றைத் தெளிவாக்கவேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுவைத்தறியும் கலை தெரிந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது கொடுமையான பொய். மெத்தனாலை நாவும் மூக்கும் பிரித்தறிய முடியாது. வறுமை சுவை பார்த்து வாங்குவதில்லை. பெங்களூரில் ஒரு கிண்ணம் ஸ்டவுட்டின் விலை என் பெரியப்பாவைப் போன்றவரின் ஒருநாள் கூலிக்கு அருகில் வரும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கமுடியவில்லை. உருத்திரங்கண்ணனாரின் வலைஞர் வீட்டில் அது என்ன அரிசி, எத்தனை இரவு, எந்தச் சாடி என்பதெல்லாம் அருந்துபவனுக்குத் தெரியும். வடித்தவள் எதிரிலேயே நிற்கிறாள். கள்ளக்குறிச்சியின் பொட்டலத்தில் எவர் கையும் தெரியவில்லை. தான் பருகுவது எதுவென்று கேட்கும் உரிமையை ஒரு சமூகம் முழுதாக இழந்த இடம் அது. சுவைத்தல் என்பது அடிப்படையில் அந்தக் கேள்விதான்.

அன்று மாணவரின் கிண்ணத்தை நான் முகர்ந்தேன். வறுத்த காப்பிக்கொட்டை, கருப்பட்டி, பிறகு பட்டை, மிளகு. அதற்கும் அடியில் எனக்கு மிகப் பழக்கமான ஒன்று. என் தங்கை பிறந்தபோது வீடெங்கும் இருந்த தசமூலாரிஷ்ட வாசம். நுனிநாக்கில் மட்டும் வைத்துப் பார்த்தேன். 'ஏலம் சற்று மிகுந்துவிட்டது, தம்பி. மரம் நன்றாக இயைந்திருக்கிறது. வழைச்சு இல்லை' என்றேன். அவர் சிரித்து, ஐம்பதுக்கு எத்தனை என்றார். மதிப்பெண் போடுவதில் கஞ்சன் என்று மாணவரிடையே எனக்குப் பெயர். முப்பத்தெட்டு போட்டேன். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை அவரிடமே தள்ளிவிட்டேன். பெரியப்பாவின் முகம் அதற்குமேல் குடிக்க விடவில்லை.

இந்தப் பருவத்தில் பெரும்பாணாற்றுப்படை நடத்துகிறேன். சென்ற வாரம் அந்த அடிகளைத் தாண்டவில்லை. அரிசி, தட்டு, முளை, சாடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வழைச்சு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் ஒரு முகம் தாழ்ந்தது உண்மைதான். வகுப்பு முடிந்ததும் அந்தப் பையன் வந்து நின்றான். 'ஐயா, அந்தக் காலத்தில் குடித்துவிட்டு வீட்டில் அடிப்பார்களா?' என்று கேட்டான். பாடல்களில் அது இல்லை, ஆனால் பாடல்களில் இல்லாததால் நடக்கவில்லை என்று சொல்லமுடியாது என்றேன். அவன் தலையசைத்தான். பட்டாபிராம் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். இருபதாண்டுகளில் அந்த அடிகளைப் பற்றி ஒரு மாணவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.